மேசைக்கடியில் சொட்டிய பால்

ஊஞ்சமரத்துப்பட்டிப் பால் சங்கத்தில் மோடம் பூட்டிய மறுநாளே மேசைக்கடியில் பால் சொட்ட ஆரம்பித்தது, முப்பத்தெட்டு நாள் சொட்டியது, அப்புறம் நின்றது. நின்றதற்குத்தான் அந்த ஊர் அழுததே தவிர, ஏன் சொட்டுகிறது என்று ஒருத்தரும் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டவள் ஒரே ஒருத்தி, சங்கத்தில் கூட்டித் துடைக்கிற சாந்தாமணி. அவள் கேட்டது யார் காதிலும் விழவில்லை, ஏனென்றால் அந்தச் சங்கத்துப் பெரியவர்கள் காது வைத்திருந்தது பென்சில் செருகிக்கொள்ள.

சாந்தாமணிக்கு இருபத்திரண்டு வயது, ஐந்தாம் வகுப்பு வரை படிப்பு, ஐந்து மாதத்தில் கௌசல்யா என்று ஒரு பெண்பிள்ளை. புருசன் மாதேசு போர்வெல் லாரியோடு வடநாட்டுக்குப் போனவன், தீபாவளிக்குத்தான் வருவான். மூன்றாம் மாதம் வந்த காய்ச்சலில் அவளுக்குத் தாய்ப்பால் வற்றிவிட்டது. அதற்கப்புறம் அந்தப் பிள்ளை உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது செவலை மாட்டின் பாலில். காலையில் கறந்ததில் கொஞ்சம் பாலாடை வழியாகப் பிள்ளையின் வாய்க்கு, மீதி ஒன்றரை லிட்டர் சங்கத்துக்கு. செவலை அவள் மாடு அல்ல, சங்கம் கொடுத்த மாடு. கொடுத்தபோதே கைநாட்டு வாங்காத குறையாக ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்: நாற்பது நாள் சேர்ந்தாற்போலப் பால் ஊற்றாவிட்டால் மாட்டைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போவார்கள். சாந்தாமணி ஒரு நாளும் ஊற்றாமல் இருந்ததில்லை. காலனிக்காரர்கள் பாலுக்கென்று தனியாக ஒதுக்கி வைத்த நசுங்கின கேனில், தன் கையால், செக்ரட்டரி கண்ணெதிரே ஊற்றுவாள். அவளுடைய உறுப்பினர் எண் நானூற்றுப் பன்னிரண்டு. சங்கத்தில் கடைசி எண் அதுதான்.

செக்ரட்டரி நாச்சிமுத்துவைப் பற்றிச் சொல்வதென்றால், அவர் எதையும் பிரித்துப் பயன்படுத்தாத மனுசன். ஆபீசு பீரோவில் கலெக்டர் வந்தால் குடிக்கக் கொடுக்க ஆறு கப்பும் சாசரும் அட்டைப்பெட்டி பிரியாமல் பதினோரு வருசமாக இருந்தன. கலெக்டர் ஐந்தாறு பேர் மாறிப்போனார்கள், ஒருத்தரும் வரவில்லை. சுவர்க்கடிகாரம் சுவருக்கு வராமல் பீரோவுக்குள்ளேயே ஓடி ஓய்ந்துவிட்டது. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பிளாஸ்டிக் உறை இன்னும் கழற்றவில்லை, அவர் எழுந்தால் அதுவும் கூடவே முனகிக்கொண்டு எழுந்து மறுபடி உட்காரும்.

டெலிபோன் லைன் வழியாகத் தலைமை ஆபீசுக்குக் கணக்கு அனுப்புகிற மோடம் பூட்ட சேலத்திலிருந்து ஜெரால்டு என்று ஒரு இஞ்சினியர் வந்தான். சங்கத்துக் கம்ப்யூட்டர் யூனிக்ஸ் மெசின், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் ஓடும். ஜெரால்டு மெசினின் முதுகைத் திறந்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு எழுத்து தாங்கும் பழைய சில்லைப் பிடுங்கிவிட்டுப் பதினாறு எழுத்து தாங்கும் சில்லை வைத்தான், அப்புறம் அரை நாள் உட்கார்ந்து தட்டினான். இந்த ஓட்டைக்கு இன்ன பேர், இந்த ஓட்டையில் இவ்வளவு வேகம், மோடம் கைகாட்டினால் நில், மறுபடி கைகாட்டினால் அனுப்பு என்று மெசினுக்குப் புத்தி சொல்லிவிட்டு எழுந்தான். சாந்தாமணி அப்போது அந்தப் பக்கம் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் போ என்று சொல்லவில்லை, துடைப்பத்தை யாராவது போ என்று சொல்வார்களா.

"சார், பெட்டியில வந்த கேபிளையே போடுங்க" என்றான் ஜெரால்டு. "மெசின் வேகமாத் தள்ளும், டெலிபோன் லைன் மெதுவாத்தான் இழுக்கும். நடுவுல மோடத்துக்கு வாய் ரொம்பிட்டா, பொறுன்னு சொல்ல அதுல ஒரு கம்பி இருக்கு. அது இல்லாட்டி வேகத்தைக் குறைச்சிரணும்."

"வேகம் எவ்வளவு வச்சிருக்கீங்க?"

"முப்பத்தெட்டாயிரத்து நானூறு."

"தோக்கவாடிச் சங்கத்துல?"

"அங்க ஒம்பதாயிரத்து அறுநூறு சார், பழைய மோடம்."

நாச்சிமுத்து நாற்காலியோடு சேர்ந்து முனகினார். அது சந்தோசம். ஜெரால்டு பஸ் ஏறின கையோடு பெட்டியில் வந்த கேபிளைப் பிளாஸ்டிக் பையோடு எடுத்து, கையால் தடவி, "நல்ல சாமான், அழுக்காயிரும்" என்று பீரோவுக்குள் கப்புக்கும் கடிகாரத்துக்கும் நடுவில் வைத்துப் பூட்டிவிட்டார். பூட்டிவிட்டு மோட்டார் ரிப்பேர் அர்த்தநாரிக்கு ஆள் விட்டார்.

அர்த்தநாரி ஊர்க் கிணற்று மோட்டாரெல்லாம் பார்க்கிறவன், மூன்று கம்பிக்கு மேல் அவனுக்கு நம்பிக்கை கிடையாது. பழைய பிரிண்டர் வயரை வெட்டி, போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று, தரைக்கு ஒன்று என்று மூன்றைப் பற்றவைத்தான். மெசின் பக்கம் இரண்டு முள் மிச்சமாக நின்றன, அனுப்பட்டுமா என்று கேட்கிற முள் ஒன்று, அனுப்பு என்று பதில் வாங்குகிற முள் ஒன்று. அந்த இரண்டையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்து முறுக்கிவிட்டான். அதற்கப்புறம் மெசின் அனுப்பட்டுமா என்று தன்னையே கேட்டு, அனுப்பு என்று தானே சொல்லிக்கொண்டது. சங்கத்தில் கமிட்டிக் கூட்டம் எப்படி நடக்குமோ அப்படி.

மறுநாள் காலை பத்து மணிக்கு அன்றைய பால் கணக்கு, யார் யார் எவ்வளவு ஊற்றினார்கள் என்று ஒன்றாம் எண்ணிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டாம் எண் வரைக்கும், மெசினிலிருந்து மோடத்துக்குள் பாய்ந்தது, மோடம் கிய்யோ முய்யோ என்று கத்திக்கொண்டு தலைமை ஆபீசுக்கு விழுங்கி விழுங்கி அனுப்பியது, நானூற்றுப் பதினோரு பேரை விழுங்கத்தான் அதற்குத் தொண்டை இருந்தது, கடைசி ஆள் வந்தபோது வாய் நிரம்பிவிட்டது, பொறு என்று சொல்லக் கம்பி இல்லை, மெசின் நிறுத்தாமல் தள்ளியது, மோடத்தின் ஓரத்தில் கசிந்து மேசை விளிம்பு வழியாக இறங்கிச் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. பால். கறந்த சூடு ஆறாத பால்.

"ஏம்புள்ள, பாலைக் கொட்டிட்டியா?" என்றார் நாச்சிமுத்து.

"இல்லீங்க. மேசைல இருந்து வருதுங்க."

அவர் குனிந்து பார்த்தார், கூரையைப் பார்த்தார், மறுபடி குனிந்து பார்த்தார். தெரியாது என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை. "ஸ்பீடு மோடம்னா கொஞ்சம் சொட்டத்தான் செய்யும். துடைச்சு விடு" என்றார்.

மூன்றாம் நாள் பூனை வந்தது. நான்காம் நாள் கமிட்டி மெம்பர்கள் வந்தார்கள். ஐந்தாம் நாள் லாக்டோமீட்டரை விட்டுப் பார்த்து, தண்ணீர் கலக்காத பால், ஊருக்குள்ளேயே இந்த டிகிரி யாரும் ஊற்றுவதில்லை என்று சொல்லி, ஊற்றுகிறவர்களே ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். தீர்மானம் போட்டார்கள்: சொட்டும் பாலை முறையாக ஏந்துவது, அதற்கு ஒரு பித்தளைச் சொம்பு வாங்குவது. பத்தாம் நாளுக்குள் மோடத்துக்கு மஞ்சள் துணி சுற்றியாயிற்று, அது சூடாகி மூச்சு முட்டியதைப் பார்த்து அம்மன் உக்கிரமாக இருக்கிறாள் என்றார்கள். மேட்டுத் தெருவிலிருந்து டம்ளரும் கையுமாக வரிசை நின்றது. ஆளுக்கு ஒரு கரண்டி. ஒருத்தருக்கு மூட்டுவலி போயிற்று, ஒருத்திக்கு மருமகள் பணிந்து போனாளாம், ஒருத்தருக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். காலை பத்து மணிக்குக் கம்ப்யூட்டர் வேலை நடக்கும்போது நாதசுரம் வைக்கலாமா என்று பேச்சு வந்தது.

சாந்தாமணி தினமும் சொம்புக்கு வெளியே தெறித்ததைத் துடைத்தாள். ஒரு நாள் துணியைப் பிழியும்போது வாசம் அடித்தது. வேலங்காய் தின்கிற மாட்டுப் பாலுக்கு லேசாக ஒரு கசப்பு வாசம் உண்டு. மேட்டுத் தெரு மாடுகள் புண்ணாக்கு தின்னும், பருத்திக்கொட்டை தின்னும், வேலங்காய் பொறுக்கித் தின்ன விடுகிறது காலனியில் அவள் மட்டும்தான். விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள். செவலை. அதற்கடுத்து ஒரு நாள் கன்று அவிழ்த்துக்கொண்டு போய்க் குடித்துவிட, அன்றைக்கு ஒரு லிட்டர்தான் ஊற்றினாள். பத்து மணிக்குச் சொம்பில் ஒரு லிட்டர்தான் சொட்டியது. அம்மனுக்கு யார்மேல் கோபம் என்று வரிசையில் சண்டை வந்தது.

இருபதாம் நாள் தலைமை ஆபீசிலிருந்து தபால் வந்தது. உறுப்பினர் 412 இருபது நாட்களாகப் பால் ஊற்றவில்லை, நாற்பது நாள் ஆனால் மாடு திரும்பப் பெறப்படும். சாந்தாமணி அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள், எடுத்துக்கொண்டு வந்து நாச்சிமுத்து மேசை ஓரமாக நின்றாள். அவளுக்கு நாலு பேர் நடுவில் வாய் திறப்பதென்றால் கிணற்றில் குதிப்பது மாதிரி.

"ஐயா, நான் தெனம் ஊத்தறனுங்க."

"ஊத்தற. நாந்தானே அளக்கறேன்."

"அப்பறம் ஊத்தலைன்னு வந்திருக்குதுங்க."

"நான் அளந்தேன். கம்ப்யூட்டர் பார்க்கலையே."

மெம்பர்கள் சிரித்தார்கள். அவள் போகவில்லை. சேலை முந்தானையை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கிக்கொண்டு, சொம்பைப் பார்த்துச் சொன்னாள்: "அது என்ற மாட்டுப் பாலுங்க. உள்ள போக முடியாம கீழ விழுகுதுங்க."

சிரிப்பு நின்றது. நின்றதற்குக் காரணம் வேறு. அந்தப் பாலைக் கரண்டி கரண்டியாகக் குடித்து, பூசையறையில் தெளித்து, பேரப்பிள்ளை நெற்றியில் தடவியவர்கள் அத்தனை பேரும் காலனிக் கேனை ஒரு பார்வை பார்த்தார்கள். ஒரு மெம்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். கடைசியில் நாச்சிமுத்துதான் வழி கண்டுபிடித்தார், செக்ரட்டரி என்றால் சும்மாவா.

"யார் மாட்டுல கறந்தா என்ன. கரண்டுக் கம்பிக்குள்ள போயிட்டு வந்துட்டா தீட்டுப் போயிரும். தீ மாதிரிதானே கரண்டும்."

"அது சரிதானுங்க" என்றார் துப்பிவிட்டு வந்தவர். எல்லாருக்கும் நிம்மதி. மறுபடி டம்ளரை நீட்டினார்கள்.

"மேல எழுதிப் போடறேன், நீ போயி வேலையப் பாரு" என்று நாச்சிமுத்து தபாலை வாங்கிப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். அங்கே போன எதுவும் வெளியே வராது என்று அவளுக்குத் தெரியும். அதன் உள்தட்டைத் துடைக்கிறவள் அவள்தானே.

அன்றைக்கு மட்டும் துணிந்து வரிசையின் கடைசியில், பிள்ளைக்கு ஒரு கரண்டி கேட்டு அவளும் நின்றாள். சொம்பு பிடித்திருந்தவர், "காலனிக்கு அப்பறம்" என்றார். அப்புறம் என்றால் சொம்பைக் கழுவின தண்ணீர்.

முப்பதாம் நாளுக்கு மேல் ஒரு மத்தியானம், ஆபீசின் பின்படியில் உட்கார்ந்து கௌசல்யாவை மடியில் சாய்த்துப் பாலாடையில் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே மோடத்துக்கு வெள்ளிக் கவசம் செய்வது பற்றிப் பேச்சு நடந்தது, அவள் கவனம் அங்கே போய்விட்டது, கை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தது. பிள்ளைக்குப் புரையேறி, பால் கடைவாயில் வழிந்து, கன்னம் வழியாகக் கழுத்துக்கு இறங்கி, படியில் சொட்டியது. சாந்தாமணி பதறிப் பிள்ளையை நிமிர்த்தித் தட்டினாள். தட்டிக்கொண்டே படியில் சொட்டியதைப் பார்த்தாள். தன் பிள்ளை வாயை மூடித் தலையைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தது, அவள்தான் பார்க்கவில்லை. மேசையில் இருக்கிறதும் அதே மாதிரி ஒரு பிள்ளை. தலையைத் திருப்பக் கழுத்து இல்லாத பிள்ளை. அந்தக் கழுத்தைத் தடவிக் கொடுத்துப் பிளாஸ்டிக் பையோடு பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார் ஒரு மனுசன். சேலத்து இஞ்சினியர் சொன்னது முழுசும் அப்போதுதான் அவளுக்கு உள்ளே இறங்கியது. அதுவரைக்கும் இந்தப் பெரியவர்களிடம் பயம் மட்டும்தான் இருந்தது. அன்றைக்கு அந்தப் பயத்தின் பக்கத்தில் இன்னொன்றும் வந்து உட்கார்ந்தது, பழைய சோற்றில் புழு கண்டால் முகம் ஒரு மாதிரி சுளியுமே, அது.

யாரிடமும் அவள் சொல்லவில்லை. சொல்லிப் பார்த்தாகிவிட்டது.

முப்பத்தொன்பதாம் நாள் ஆயுத பூசை. வருசத்தில் அந்த ஒரே நாள்தான் நாச்சிமுத்து பீரோவைத் திறந்து வைப்பது. கத்தரிக்கோலிலிருந்து கலெக்டர் கப்பு வரைக்கும் எல்லாம் வெளியே வரும், துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துப் படையலில் வைப்பார்கள், அன்றைக்கு எந்தச் சாமானுக்கும் வேலை கிடையாது. மோடத்தையும் கழற்றி மஞ்சள் துணியை மாற்றி நடுவில் வைத்தார்கள், அர்த்தநாரி செய்த வயர் ஒரு பக்கம், பையைப் பிரித்த புதுக் கேபிள் ஒரு பக்கம். இரண்டுக்கும் பொட்டு வைத்தது சாந்தாமணிதான். பூசை முடிந்து, பூசணிக்காய் உடைத்து, ஆம்பளைகள் வாசலில் பொரியும் சுண்டலும் தின்ன உட்கார்ந்தார்கள். நாச்சிமுத்து திரும்பிப் பார்க்காமலே சாவியைப் பின்னால் நீட்டினார்.

"எடுத்த மாதிரியே எல்லாத்தையும் வச்சுட்டு, பூட்டிச் சாவியக் குடு. கப்பு பத்திரம்."

"செரீங்க."

அவள் கப்பை வைத்தாள். கடிகாரத்தை வைத்தாள். அர்த்தநாரியின் வயரை வளைத்து மடக்கி, பொட்டு கலையாமல், பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கப்புக்கும் கடிகாரத்துக்கும் நடுவில் வைத்தாள். வாசலில் அர்த்தநாரி சுண்டலுக்கு உப்புப் பத்தவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். புதுக் கேபிளின் ஒரு முனை அகலம், ஒரு முனை குறுகல். முப்பத்தெட்டு நாள் அந்த மேசைக்கடியிலேயே கிடந்தவளுக்கு எந்த வாய்க்கு எது என்று கண்ணை மூடிக்கொண்டே தெரியும். மோடத்தைத் திரும்ப மேசையில் வைத்து, அகலத்தை அதிலும் குறுகலை மெசினிலும் சொருகி, பக்கத்துத் திருகுகளை நகத்தால் இறுக்கினாள். சாவியைக் கொடுக்கும்போது கை வேர்த்திருந்தது, வாங்கியவர் வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் விசயதசமி, நாற்பதாம் நாள். வரிசை ரோடு வரைக்கும் நின்றது. பத்து மணிக்குக் கணக்குப் பாய்ந்தது, மோடம் கத்தியது, நடுநடுவே மெசின் ஒரு நொடி நின்றது, மறுபடி தள்ளியது, நின்றது, தள்ளியது, மோடம் தலையைத் திருப்பும்போதெல்லாம் பொறுத்துக்கொண்டது. சொம்புக்குள் ஒரு சொட்டு விழவில்லை. அரை மணி நேரம் டம்ளர்கள் நீண்டபடியே இருந்தன. யாரோ மோடத்தைத் தட்டிப் பார்த்தார்கள். யாரோ சொம்பைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். சாந்தாமணி உலர்ந்த தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தொன்றாம் நாள் காலனிக்குத் தலைமை ஆபீசு ஜீப் வந்தது. இறங்கியவன் தோளில் கயிறு. செவலை அவனைப் பார்த்து அசைபோடுவதை நிறுத்தியது. சாந்தாமணி பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு மாட்டுக்கு முன்னால் வந்து நின்றாள், அவளுக்கே தெரியாமல் நின்றாள். அவன் கையில் இரண்டு காகிதம் இருந்தது. ஒன்று போன வாரம் அடித்தது, மாட்டைப் பிடி என்றது. இன்னொன்று நேற்று மெசினிலிருந்து வந்தது, கடைசி வரியில் நானூற்றுப் பன்னிரண்டு, ஒன்றரை லிட்டர் என்றது. அவன் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான், புதுசாக வந்த காகிதத்தைத்தான் நம்பவேண்டும் என்று யாரோ அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"முப்பத்தொம்பது நாளு ஊத்தாம இருந்துட்டு, கடைசி நாள்ல வந்து ஊத்தியிருக்க. என்ன ஒரு திமிரு" என்றான்.

"ஆமாங்க" என்றாள் சாந்தாமணி.

அவன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினான்.

ஊருக்குத்தான் ஆறவில்லை. அம்மன் போய்விட்டாள் என்று மேட்டுத் தெருவில் இரண்டு நாள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. என்ன குற்றம் நடந்தது என்று பார்க்க நாச்சிமுத்து பீரோவைத் திறந்தார், பிளாஸ்டிக் பையை எடுத்தார், உள்ளே பழைய வயர் சந்தனப் பொட்டோடு சுருண்டு கிடந்தது. மெசின் பின்னால் எட்டிப் பார்த்தார், அங்கே புதுசு. மெம்பர்கள் கூடினார்கள். சாவி யாரிடம் இருந்தது என்று கேட்டார்கள், என் இடுப்பை விட்டு இறங்கவில்லை என்றார், அப்படித்தான் அவருக்கு ஞாபகம் இருந்தது. அர்த்தநாரியைக் கேட்டார்கள், சுண்டல் தின்றதற்கு நாலு பேர் சாட்சி. அந்தச் சமயம் சாந்தாமணி அதே அறையில் அவர்கள் கால்களுக்கு நடுவே கூட்டிக்கொண்டிருந்தாள். ஒருத்தர் காலைத் தூக்கினார், அவள் அந்த இடத்தைக் கூட்டினாள், அவர் காலை இறக்கினார். அவளைக் கேட்கவில்லை. அவள் ஒரு காரியத்தைச் செய்திருக்க முடியும் என்ற நினைப்பு நுழைய அந்தத் தலைகளில் ஒரு ஓட்டைகூட இல்லை.

"அம்மனே மாத்தியிருக்கா" என்றார் நாச்சிமுத்து கடைசியில். "இத வச்சுக்கோ, அதப் பூட்டி வையின்னு. நாம கை வைக்கக் கூடாது."

"அது சரிதானுங்க" என்றார் துப்பிவிட்டு வந்த அதே மெம்பர்.

அர்த்தநாரியின் வயரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துச் சுவரில் மாட்டினார்கள். புதுக் கேபிளைத் தொட ஆளில்லை, அது தன்பாட்டுக்கு நானூற்றுப் பன்னிரண்டு பேரையும் அனுப்பிக்கொண்டிருந்தது. கண்ணாடிப் பெட்டியைத் தூசி தட்டுவது சாந்தாமணியின் வேலையில் ஒன்று கூடிற்று. அவள் தினமும் தட்டினாள், வயரைப் பார்த்துச் சிரிப்பு வரும்போது மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

தட்டி முடித்துப் பின்படிக்கு வந்து உட்கார்ந்து, பாலாடையைப் பிள்ளையின் உதட்டில் வைப்பாள். கௌசல்யா மடக்கு மடக்காகக் குடிக்கும், போதுமென்றால் வாயை மூடித் தலையைத் திருப்பும். சாந்தாமணி உடனே கையை நிறுத்திவிடுவாள்.